கையுறை மாதிரி ஒன்று

தாலின் டிராம் கொட்டகைக்குப் பின்புறம் எங்கள் அறை.
நகரம் தொலைப்பதெல்லாம் இங்கேதான் வந்து சேரும்.
குடைகள், சாவிகள், செல்லோவின் வில் ஒன்று,
பல்செட்டு இரண்டு.
அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எக்செல் தாள்,
நாலாயிரத்துச் சொச்சம் வரி.

சேர்ந்த புதிதில்
அறுநூறாவது வரியில் நின்றுகொண்டு
இந்த நாலு டிராமின் எண்ணா, அலமாரியின் எண்ணா என்று
தலைப்பைப் பார்க்க உச்சிவரை ஏறுவேன்,
இறங்குவதற்குள் எந்த வரி என்பது மறந்துவிடும்.
இரண்டு வருஷம் இப்படி ஏறி இறங்கினேன்.
முதல் வரியை உறைய வைக்கலாம் என்று
மெனுவில் எழுதித்தான் இருந்தது.
உறைய வைத்தேன்.
இந்த ஊர்க்காரிக்கு அது சொல்லியா தர வேண்டும்.

அப்புறம் தேதி.
ஹெல்துர் நாளை முன்னால் போடுவான்,
மாரிக்கா மாதத்தை.
வரிசைப்படுத்தினால் ஜனவரியும் அக்டோபரும்
தோளுரசிக்கொண்டு நிற்கும்.
ஆண்டு, மாதம், நாள், இந்த ஒழுங்கில் எழுதவும்
என்று இருவர் திரையிலும் சீட்டு ஒட்டினேன்.
ஹெல்துர் சீட்டின்மேல் ஒரு மீன் வரைந்தான்.
ஆனால் அப்படியே எழுதுகிறான்.

'வாழ்க்கையில் கண்ட்ரோல் இசட் கிடையாது'
என்று அச்சடித்த கோப்பையில்தான் காபி குடிக்கிறேன்.
அதுவும் கோப்லி போகும் டிராமில் யாரோ விட்டுப்போனது.
ஆறு மாதம் கேட்க ஆளில்லை.

பிப்ரவரியில் இல்மார் வந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
இடது கையுறை, பழுப்புத் தோல் என்றார்.
'கின்னஸ்' என்று தட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
என்டர், என்டர், என்டர்.
இல்லை.
அடுத்த வாரமும் இல்லை.

மூன்றாம் முறை கையைக் கவுண்டர்மேல் வைத்தார்,
சொல்வதைவிட அது சுலபம் என்பதுபோல.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.
"அந்த ரெண்டையும் உள்ளே மடித்துத் தைத்திருக்கும்.
நான்தான் தைத்தேன். கோணலாக இருக்கும்."

எங்கள் மொழியில் சொல்லுக்கு வால் மாறும்.
தனியாக நின்றால் கின்னஸ்,
இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் கின்டா.
இது தெரிந்த நானே
இத்தனை நாளும் முழுச் சொல்லைக் கொடுத்துத் தேடியிருக்கிறேன்.
வாலை விட்டுத் தலையை மட்டும் பிடித்தேன்:
மூன்றே எழுத்து, 'கின்'.

திரண்டு வந்தன காலணிகள்; அவற்றுக்கும் அதே தலை.
ஒரு சினிமா டிக்கெட்.
பிரிக்காத பரிசுப் பொட்டலம் நாலு.
இல்மார் கவுண்டரைச் சுற்றிவந்து
விதியை மீறி என் பின்னால் நின்று
என்னோடு சேர்ந்து படித்தார்.
"பாவம், இந்த ஒற்றைச் செருப்பு," என்றார் ஓரிடத்தில்.

வரி 2871. ஹெல்துரின் எழுத்து.
'கையுறை மாதிரி ஒன்று. மூன்று விரல்.
குழந்தையுடையதோ? இல்லை, பெரிது.'

ஏழாம் அலமாரி, கீழ்த்தட்டு.
அதை மாட்டிய பிறகுதான் ரசீதில் கையெழுத்துப் போட்டார்.
வெளியே போகும்போது கதவை
அந்தக் கையாலேயே தள்ளினார்.

ஒப்படைத்தாயிற்று என்று குறித்தேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
'மாதிரி ஒன்று' என்பதையும் அழித்தேன்.
தனித்து நின்றதும்
கின்டா மறுபடி கின்னஸ் ஆனது.
கண்ட்ரோல் எஸ்.

மணி அடித்தது.
கம்பளிக் கோட்டுப் போட்ட பெண்மணி,
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு,
வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:
"மேல்வரிசை."

'பல்' என்று மட்டும் தட்டினேன்.